பால்வாடிச் சோற்றுக் கணக்கு

அரசு செலவில் சிறு பிள்ளைகளுக்குச் சோறு போடும் திட்டத்தின் நிர்வாகம் முழுவதும் ஒரே ஓர் எண்ணின்மேல் நிற்கிறது: இன்றைக்கு எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்பது. அரிசி ஒதுக்கீடு, பருப்பு, எண்ணெய், முட்டை, காய்கறிக்கான பணம், மத்திய அரசின் பங்கு, தணிக்கையாளரின் ஆட்சேபணை எல்லாமே அந்த எண்ணிலிருந்து கிளைப்பவை. தஞ்சாவூர் மாவட்டம் பட்டுக்கோட்டை வட்டத்தின் கடலோர ஊரான அதிராம்பட்டினத்தில், இன்னமும் பால்வாடி என்றே சொல்லப்படும் அங்கன்வாடி மையத்தில், அந்த எண்ணைக் காலையில் எழுதுபவர் அங்கன்வாடிப் பணியாளர். பிள்ளைகளுக்கு அவர் டீச்சர். அந்த எண்ணைச் சோறாக்குபவர் உதவியாளர், அதாவது ஆயா. தமிழ்நாடு முழுவதும் இப்படி 54,000க்கும் மேற்பட்ட மையங்கள் இயங்குகின்றன.

எண் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டு அங்கன்வாடியில் 2 வயது முதல் பள்ளி சேரும் வயது வரையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 80 கிராம் அரிசி, 10 கிராம் பருப்பு. 20 பிள்ளைகள் உட்கார்ந்தால் உலையில் விழவேண்டியது 1 கிலோ 600 கிராம் அரிசி. வருகைப் பதிவேட்டில் 25 என்று எழுதிவிட்டு 20 பேருக்குச் சமைத்தால் 400 கிராம் மிச்சம். மாதத்துக்கு 25 வேலை நாள் என்றால் 10 கிலோ. ஒரு மையத்தில் இது ஒரு குடும்பத்தின் சில நாள் சாப்பாடு, அவ்வளவுதான். எல்லா மையங்களிலும் இப்படி 5 பேர் கூடுதலாக எழுதப்பட்டால் மாதத்துக்கு 540 டன். இது நடக்கிறது என்பதல்ல. நடந்தால் என்ன ஆகும் என்பதுதான் நிர்வாகத்தின் கவலை. பதிவேடுகள், மேற்பார்வை, செயலி, முகப்பதிவு என்று அடுத்தடுத்து வந்த எல்லா நிபந்தனைகளும் அந்த 400 கிராமைத் தேடிப் புறப்பட்டவையே.

கணக்கு நிபந்தனை பிள்ளையின் சோற்றையே நிறுத்திய வரலாறும் இங்கே உண்டு. 1920இல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த காலத்தில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது விதி. திட்டம் பின்னர் மேலும் சில பள்ளிகளுக்கு விரிந்தது. உணவுச் செலவைத் தொடக்கக் கல்வி நிதியில் எழுதக் கூடாது என்று ஆங்கிலேய அரசு மறுத்ததால் 1925 ஏப்ரலில் அது நின்றுபோனது. 1927இல்தான் மீண்டும் உயிர்பெற்றது. அரிசித் தட்டுப்பாடோ பிள்ளைகள் வராததோ காரணமல்ல. எந்தக் கணக்குத் தலைப்பில் செலவை எழுதுவது என்பதுதான் காரணம்.

1956இல் காமராசர் ஆட்சி மதிய உணவை மாநிலத் திட்டமாக்கியபோது, ஊர்மக்களின் நன்கொடையும் அரசு மானியமும் சேர்ந்து செலவைத் தாங்கின. ஊர்ப் பெரியவர் அரிசி கொடுத்த இடத்தில் கணக்குக் கேட்க ஊரே இருந்தது. 1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியதும் நிலைமை மாறியது. முதலில் கிராமப்புறம், அதே ஆண்டு செப்டம்பரில் நகர்ப்புறம் என்று 2 வயதுப் பிள்ளை வரை திட்டம் இறங்கியது. ஊரின் பங்கு போய், முழுச் செலவும் அரசுடையதானது; அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஒரு புதிய பணியாளர் படையும் உருவானது. அந்தப் படையின் கையில் கொடுக்கப்பட்ட கருவி கரண்டி மட்டுமல்ல, பேரேடும்தான்.

இன்னொரு பக்கம், 1975 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு நாடு முழுவதும் 33 இடங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தன் சொந்தப் படிவங்களோடு வந்தது. இரண்டும் காலப்போக்கில் பிரிந்து நிலைபெற்றன. பள்ளிச் சத்துணவு மாவட்ட ஆட்சியரின் நேர்முக உதவியாளர் (சத்துணவு) வழியாக வட்டார அலுவலகத்துக்கும் அமைப்பாளருக்கும் இறங்குகிறது. அங்கன்வாடியோ மாவட்டத் திட்ட அலுவலர், குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், மேற்பார்வையாளர், பணியாளர் என்ற வேறொரு படிக்கட்டில் இறங்குகிறது. இரண்டுக்கும் மேலே சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தின் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுவதும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மூன்றாவது வரிசை. ஒரே வளாகத்தில் அங்கன்வாடியும் தொடக்கப் பள்ளியும் இருந்தால், ஒரே தெருப் பிள்ளைகளுக்கு மூன்று சமையல் கணக்கு, மூன்று இருப்புப் பதிவேடு, மூன்று மேலதிகாரிகள். நிர்வாக வசதிக்காகச் செய்த பிரிவினை இது. பிள்ளைக்கு இதனால் வசதி ஒன்றுமில்லை.

எவ்வளவு உணவு என்பதைச் சட்டமே சொல்கிறது. 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை 2023இல் திருத்தப்படும் முன்பு இருந்தபடி, 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைக்கு வீட்டுக்கு எடுத்துச் செல்லும் உணவாகவும், 3 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைக்குச் சிற்றுண்டியோடு சூடான சமைத்த உணவாகவும் ஒரு நாளைக்கு 500 கிலோ கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் தரவேண்டியிருந்தது. ஊட்டக்குறைவான பிள்ளைக்கு அது 800 கிலோ கலோரி, 20 முதல் 25 கிராம் புரதம். சட்டம் வரும் முன்பே உச்ச நீதிமன்றம், மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், 2001 நவம்பர் 28 அன்று இதற்கான முதல் வரையறையை ஆணையாகத் தந்திருந்தது. 2004இல் அதே வழக்கில் அங்கன்வாடி உணவு வழங்கலில் ஒப்பந்ததாரர்களைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. தமிழ்நாட்டில் கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தரப்படும் சத்துமாவில் ஒரு பகுதியை மகளிர் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் தயாரிப்பது அந்த ஆணையின் போக்கோடு பொருந்துவது. முட்டை ஒப்பந்தப்புள்ளி வழியாக வருகிறது.

காவிரிப் படுகையில் இருந்துகொண்டு அரிசி எங்கிருந்து வருகிறது என்று கேட்பது வேடிக்கையாகத் தோன்றலாம். பட்டுக்கோட்டைப் பக்கத்து வயலில் அறுத்த நெல் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் எடை போடப்பட்டு, தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்குக்குப் போய், அரைவை ஆலையில் அரிசியாகி, மூட்டையாக மையத்துக்குத் திரும்புகிறது. திரும்பும்போது அது பழைய அரிசி அல்ல. நூறு அரிசிக்கு ஒன்று என்ற விகிதத்தில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து வார்த்த மணி கலந்திருக்கும். களையும்போது அந்த மணிகளில் சில மேலே மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்ற வதந்தி பரவியது இதனால்தான். பதர் என்று நினைத்து மிதப்பதை வழித்து ஊற்றுவது நெல் விளையும் ஊரில் கைப்பழக்கம். அப்படி ஊற்றினால் அரசு சேர்த்த சத்து சாக்கடைக்குப் போகிறது. இதைத் தடுக்க எந்தப் பதிவேடும் இல்லை. ஆயாவுக்கு ஒருமுறை நேரில் காட்டிச் சொல்வதுதான் வழி.

உப்பின் கதையும் இப்படித்தான். அதிராம்பட்டினம் உப்பளங்களுக்குப் பேர்போன ஊர். ஆனால் சத்துணவுக் கூடத்துப் பானையில் விழுவது, ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பு எடுக்கும் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் அயோடினும் இரும்பும் சேர்ந்த உப்பு. ஊரில் விளைவதை ஊர்ப் பிள்ளைக்குக் கொடுப்பது எளிது. தரம் ஒன்றுபோல இருக்க வேண்டுமென்றால் மையக் கொள்முதல் தேவைப்படுகிறது. தமிழ்நாடு இரண்டாவதைத் தேர்ந்தது. ஊட்டச்சத்து நோக்கில் அது சரியான முடிவே.

முட்டை தனி அதிகாரம். 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று பள்ளிச் சத்துணவில் நுழைந்த முட்டை, இப்போது பள்ளியில் வாரம் 5, அங்கன்வாடியில் 2 வயதைத் தாண்டிய பிள்ளைக்கு வாரம் 3. பள்ளியில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். அரிசியில் 400 கிராம் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. முட்டையோ எண்ணக்கூடியது, எளிதில் விற்கவும் கூடியது. அதனால்தான் அதன் ஓட்டிலேயே அரசு முத்திரை குத்தப்படுகிறது. 2024இல் திருச்சி மாவட்டம் துறையூரில் ஓர் உணவகத்தில் சத்துணவு முட்டைகள் பிடிபட்டதற்கு அந்த முத்திரைதான் சாட்சி. இத்தனை படிவங்களுக்கு நடுவே, எழுதுபவரின் நேர்மையை நம்பாமலும் அவருக்குக் கூடுதல் வேலை வைக்காமலும் பலன் தந்த ஏற்பாடு என்று முதலில் சுட்டவேண்டியது இதைத்தான்.

பொருளாக வராதது காய்கறி, தாளிதச் சாமான், எரிபொருள். இவற்றுக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு பைசா என்ற கணக்கில் உணவூட்டுச் செலவு வங்கிக் கணக்குக்கு வருகிறது. இதுவும் உண்டவர் எண்ணிக்கையை வைத்தே கணக்கிடப்படுகிறது. பணம் தாமதமானால் அடுப்பை நிறுத்த முடியாது. தெருமுனைக் கடையில் டீச்சரின் பெயரில் கடன் ஏறும். தக்காளி விலை இரட்டிப்பானாலும் வீதம் அதேதான். ரசீது கேட்டுத் தணிக்கை வரும்போது, கூடையில் கீரை விற்கும் அம்மாளிடம் ரசீது எப்படி வாங்குவது என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

பதிவேடுகள் ஒரு காலத்தில் மலையாகக் குவிந்திருந்தன. குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தை மறுசீரமைத்த 2012ஆம் ஆண்டையொட்டி, நாடு முழுவதற்கும் 11 பதிவேடுகள் என்று வரையறுத்தார்கள். குடும்ப விவரம் ஒன்றில், உணவு இருப்பு ஒன்றில், உணவு வழங்கல் இன்னொன்றில்; முன்பருவக் கல்வி, கர்ப்பமும் பிரசவமும், தடுப்பூசி, வைட்டமின் ஏ, வீட்டுச் சந்திப்பு, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை, எடை, மாதச் சுருக்கம் என்று மற்றவை. இவற்றில் உணவுக்கு நேரடியாக உரியவை இரண்டே. ஆனால் உணவின் பயனைச் சொல்வது எடைப் பதிவேடு. மாதம் ஒருமுறை பிள்ளையை நிறுத்து வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைக்கும்போது, கோடு மேலே போகிறதா, படுத்துவிட்டதா என்பது தெரிகிறது. இருப்புப் பதிவேடும் எடை வரைபடமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கப்படவேண்டியவை: அரிசி முறையாகத் தீர்ந்திருக்கிறது, பிள்ளைகளின் கோடோ எழவில்லை என்றால் அங்கே ஏதோ சரியில்லை. இந்த ஒப்பீட்டை மேற்பார்வையாளர் செய்தால் பத்துப் பதிவேட்டின் வேலை முடிந்துவிடும். நடைமுறையில் இருப்பை ஒருவர் பார்க்கிறார், எடையை இன்னொரு படிவம் கேட்கிறது, இரண்டும் சந்திப்பதில்லை.

நிபந்தனைகளில் ஒரு பகுதியைச் சாவு எழுதியிருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று இதே தஞ்சாவூர் மாவட்டத்தின் கும்பகோணத்தில், கிருஷ்ணா பள்ளியின் சமையல் கூடத்தில் பிடித்த தீ கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொன்றது. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரை ஒழிக்கப்பட்டது. சமையல் கூடம் வகுப்பறையிலிருந்து விலகி இருக்கவேண்டும், வழிகள் திறந்திருக்கவேண்டும், தீயணைப்புச் சாதனம் வேண்டும் என்பவை உரிமம் புதுப்பிக்கும் நிபந்தனைகளாயின. தென்னங்கீற்றுக்குப் பஞ்சமில்லாத பட்டுக்கோட்டைப் பகுதியில் கீற்றுக் கொட்டகை என்பது மலிவும் குளிர்ச்சியும்; அதை விலக்குவது அன்றைக்குச் சிறிய மாற்றமல்ல. சரியாக ஒன்பது ஆண்டு கழித்து, அதே ஜூலை 16 அன்று, பீகாரின் சாரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் பூச்சிமருந்து கலந்திருந்தது. வயல் மருந்து டப்பாக்கள் வீட்டிலேயே புழங்கும் நெல்வட்டாரத்துக்கு அந்தச் செய்தி அந்நியமானதல்ல.

மதிய உணவைப் பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் பெரியவர் ஒருவர் சுவைத்துப் பார்க்கவேண்டும் என்பது எழுத்தில் உள்ள விதி. 2015 செப்டம்பரில் வந்த மதிய உணவு விதிகளில் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் மாதிரி சோதனை, பள்ளி மேலாண்மைக் குழுவின் கண்காணிப்பு ஆகியவையும் சேர்ந்தன. சுவைத்ததற்கு ஒரு பதிவேடு உண்டு. அதில் மாதக் கடைசியில் ஒரே மையால் முப்பது கையெழுத்து விழுந்திருந்தால் அந்த விதி செத்துவிட்டது என்று பொருள். சுவைத்துப் பார்க்கும் செயலுக்கு இரண்டு நிமிடம் போதும். விதிகளிலேயே மலிவானதும் உயிரோடு நேரடியாகத் தொடர்புடையதும் இதுதான். மையத்துக்குத் திடீரென வரும் அதிகாரி முதலில் கேட்கவேண்டியது பதிவேட்டை அல்ல, ஒரு கரண்டிச் சோற்றை.

2021 மார்ச்சில் வந்த போஷன் டிராக்கர் என்ற செயலி, காகிதத்தைக் கைப்பேசிக்குள் கொண்டுபோனது. வருகை, எடை, உயரம், உணவு வழங்கல் எல்லாம் அதில் ஏறவேண்டும். 2025 ஜூலை 1 முதல் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் உணவைப் பெறுபவரின் முகத்தை அதே செயலியில் பதிந்து சரிபார்ப்பது கட்டாயமானது. தாயோ பாதுகாவலரோ ஆதாரோடு இணைத்துப் பதிந்துகொள்ள வேண்டும். கைப்பேசிக்குக் கடவு எண் வரும். போலிப் பெயர்களை நீக்குவது நோக்கம், அதில் தவறில்லை. ஆனால் அதிராம்பட்டினம் போன்ற ஊரில் கணவர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருக்க, குடும்பத்தின் ஆதாரோடு இணைந்த எண் அவர் கையில் இருந்தால், கடவு எண் அங்கே ஒலிக்கும். சத்துமாவுப் பொட்டலம் இங்கே காத்திருக்கும். மகப்பேற்றுக்குத் தாய்வீடு வந்த பெண்ணின் பெயர் வேறு ஊர் மையத்தில் இருக்கும். கருவாடு காயவைக்கும் வேலைக்கோ உப்பளத்துக்கோ விடியலில் போகும் தாய், மையம் திறந்திருக்கும் நேரத்தில் முகம் காட்ட வரவேண்டும். 400 கிராம் அரிசிக்காகப் புறப்பட்ட தேடல் இங்கே ஆளை மாற்றிப் பிடிக்கிறது. முகப்பதிவு, பொட்டலம் வாங்கியவர் யார் என்று சொல்லும். பானையில் எத்தனை கிலோ விழுந்தது என்று சொல்லாது.

அமெரிக்காவின் ஏற்பாடு இதற்கு எதிர்த்திசையில் போகிறது. 1968இல் அங்கே தொடங்கி இன்று குழந்தைகளையும் முதியோரையும் தழுவும் பகல்நேரக் காப்பக உணவுத் திட்டத்தில், அரசு அரிசி அனுப்புவதில்லை. காப்பகம் தன் செலவில் சமைத்துப் பரிமாறி, வேளைவாரியாக எண்ணிக்கை எழுதி, மாதம் முடிந்து 60 நாளுக்குள் பணம் கோர வேண்டும். காப்பகங்களைப் பொறுப்பேற்கும் அமைப்பு ஆண்டுக்கு மூன்று முறையாவது நேரில் போய்ப் பார்க்கவேண்டும். அதில் இரண்டு முன்னறிவிப்பு இல்லாமல். கையில் முதல் இல்லாதவர் அங்கே திட்டத்துக்குள் நுழைவதே கடினம். தமிழ்நாட்டில் பொருள் முன்னால் வந்துவிடுவதால் எந்தக் குப்பத்திலும் மையம் நடத்தலாம். எனினும் அறிவிக்காமல் ஆண்டுக்கு இருமுறை என்று எண்ணிச் சொன்ன அந்த விதி கடன் வாங்கத் தக்கது.

இத்தனையையும் நடத்துபவர் ஒரு பெண்ணும் ஓர் உதவியாளரும். தமிழ்நாட்டில் அவர்களுக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம். பல மாநிலங்களில் இன்னமும் மதிப்பூதியம்தான். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் குஜராத் வழக்கொன்றில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தபோதுதான், அவர்கள் செய்வது தொண்டல்ல, வேலை என்பது சட்டத்தில் உறுதியானது. உதவியாளர் பணியிடம் காலியாகும் மையத்தில் சமைப்பவரும் எழுதுபவரும் ஒருவரே. அப்போது பின்தங்குவது பதிவேடு; அதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

புயலும் நோயும் விதிகளைச் சோதித்தன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தென்னைகளைச் சாய்த்து, வாரக்கணக்கில் மின்சாரமில்லாமல் ஆக்கியது. உணவு கிடைக்காத நாளுக்கு ஈடு தரவேண்டும் என்று பள்ளி விதிகள் சொல்கின்றன: ஒரு பள்ளி நாளில் உணவு தவறினாலே தானியமும் சமையல் செலவும் உணவுப் பாதுகாப்புப் படியாகத் தரப்படவேண்டும்; தொடர்ந்து மூன்று பள்ளி நாளோ மாதத்தில் ஐந்து நாளோ தவறினால் யார் பொறுப்பு என்பதை மாநில அரசு நிர்ணயிக்கவேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா மையங்களை மூடியபோது உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்து உணவு எப்படிப் போய்ச் சேரும் என்று மாநிலங்களைக் கேட்டது. தமிழ்நாட்டில் உலர்பொருளாக வீட்டுக்குப் போனது. உலர்பொருள் வீட்டுக்குள் போனால் குடும்பம் முழுவதும் பங்கிட்டுக்கொள்ளும். மூன்று வயதுப் பிள்ளையின் 80 கிராம் அங்கே தனியாக இருக்காது. சூடான சோற்றை மையத்திலேயே போடவேண்டும் என்று சட்டம் வற்புறுத்துவதன் காரணம் அதுதான்.

மேற்பார்வைக்கு ஊரையும் சேர்க்கவேண்டும் என்பது விதிகளில் உள்ளது. பள்ளி உணவுக்குச் சமூகத் தணிக்கையும் கட்டாயம். அதிராம்பட்டினம் 2021இல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியாக உயர்ந்தது. அங்கன்வாடியின் கட்டடம், தண்ணீர், கழிப்பறைக்கு வார்டு உறுப்பினரிடம் போகலாம். ஆனால் அரிசிக்கும் ஆளுக்கும் பொறுப்பு வேறு துறை. இருப்பில் இவ்வளவு, இன்று சமைத்தது இவ்வளவு, சாப்பிட்டவர் இத்தனை பேர் என்று மூன்று வரியை மையத்தின் வெளிச்சுவரில் கரும்பலகையில் எழுதிவைத்தால், பிள்ளையைக் கூட்டிப்போக வரும் பாட்டியே தணிக்கையாளர். மலிவான இந்த வழியை முகப்பதிவுக்குக் காட்டும் அதே கண்டிப்போடு நடைமுறைப்படுத்தினால் பல பதிவேடுகளைக் கைவிடலாம்.

கடைசியாக வீதம். அங்கன்வாடிப் பிள்ளை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய், கடும் ஊட்டக்குறைவுள்ள பிள்ளைக்கு 12 ரூபாய், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 9 ரூபாய் 50 பைசா என்று மத்திய அரசு நிர்ணயித்தது 2017இல். 2021இல் திட்டம் பெயர் மாறிப் புது வடிவம் எடுத்தபோதும் அந்தத் தொகை மாறவில்லை. பள்ளி மதிய உணவின் பொருட்செலவோ, தொழிலாளர் பணியகத்தின் விலைக் குறியீட்டைப் பார்த்து 2025 மே மாதம் தொடக்க வகுப்புக்கு 6 ரூபாய் 78 பைசாவாகவும் உயர்தொடக்க வகுப்புக்கு 10 ரூபாய் 17 பைசாவாகவும் உயர்த்தப்பட்டது. அதே விலைக் குறியீட்டோடு அங்கன்வாடி வீதத்தையும் இணைத்து ஆண்டுதோறும் திருத்துவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.